மேலே மாத்தினா கீழேயும் மாத்தணும்

கதவ சாத்திடாதீங்கக்கா. சங்கிலி அப்படியே கிடக்கட்டும், எடுக்க வேண்டாம். இவ்ளோ இடுக்கு போதும் எனக்கு. ஒரே ஒரு விடுகதை கேக்கறேன், பதில் சொல்லிட்டு சாத்திக்குங்க.

ஒரு குட்டி டப்பா. சர்க்கரைக் கட்டி அளவுதான். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு சென்டிமீட்டர். அது நிறையத் தண்ணி, அந்தத் தண்ணில ஒரு மைக்ரோகிராம் மருந்து. கண்ணுக்குத் தெரியாது. ஊதினா எங்க போச்சுன்னே தெரியாது. இந்தப் பக்கம் ஒரு பெரிய தொட்டி. நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர், உங்க இடுப்பு உயரம் வரும். அது நிறையத் தண்ணி, அதுல ஒரு கிராம் மருந்து, ஒரு சிட்டிகை. இப்ப சொல்லுங்க, எதுல மருந்து காட்டமா இருக்கும்?

தொட்டியா? பாத்தீங்களா. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.

ரெண்டும் ஒண்ணுதான்க்கா. கொஞ்சம் கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல. ஒரு கிராம பத்து லட்சமாப் பிரிச்சா அதுல ஒரு பங்கு மைக்ரோகிராம். அந்தத் தொட்டிக்குள்ள இந்தக் குட்டி டப்பாவ அடுக்கினா பத்து லட்சம் டப்பா பிடிக்கும். மருந்து பத்து லட்சம் மடங்கு ஏறுது, தண்ணியும் பத்து லட்சம் மடங்கு ஏறுது. ஒவ்வொரு டப்பாவுக்கும் பங்கு வெச்சுப் பாத்தா அதே ஒரு மைக்ரோகிராம்தான் வரும்.

விளையாடறதுக்கு வரலக்கா. இதுல பாதியத்தான் நான் மறந்தேன். பதினாறு பிள்ளைங்க ஆஸ்பத்திரிக்குப் போச்சு.

ஆமா. நான்தான் அந்தப் பொம்பள. நீச்சல் குளத்துல தண்ணி டெஸ்ட் பண்றவ. உங்க வீட்டுக்காரர்கூட ஒரே பம்ப் ரூம்ல ஏழு வருஷமா இருக்கறவ. அவருக்குக் காது கேக்கலன்னு எழுதிக் கொடுத்தவ. திட்டணும்னா திட்டுங்க, ஆனா மணியப் பாத்துட்டுத் திட்டுங்க. உள்ள கடிகாரம் இருக்குல்ல, என்ன மணி? ரெண்டே காலா. நாலு மணிக்கு விசாரணைக் காகிதத்துல கையெழுத்து போடறாங்க. அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்காரர் என்கூட வரணும். அன்னிக்கு பம்ப் ரூம்ல அவர் காதுல என்ன விழுந்துச்சோ, அத அந்த அதிகாரிகிட்ட ஒரு தடவ சொல்லணும். அவ்ளோதான். நடந்து வர வேண்டாம், கீழ ஆட்டோ நிக்குது.

தூங்கறாரா? இப்பத்தானே இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரியாதாக்கா, ஏழு வருஷமா பக்கத்துல உக்காந்து கேக்கறேன்.

ஐயோ, லைட் அணைஞ்சிடுச்சு. இந்த மாடிப்படி லைட் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவ போகுதுக்கா. சுவிட்ச் எந்தப் பக்கம்? ஆங், கிடைச்சிடுச்சு. நல்ல வேளை. இருட்டுல நான் பேசினா நீங்க நிச்சயம் சாத்திடுவீங்க.

ஃபோன் வந்துச்சா? ஆஃபீஸ்லருந்தா? ம். வந்திருக்கும். அவர் மேல தப்பு இல்ல, திங்கக்கிழமைலருந்து வேலைக்கு வரலாம்னு சொல்லியிருப்பாங்க. நிஜம்தான். நல்ல சேதிதான், நான் இல்லங்கல. பின்ன எதுக்கு வந்து நிக்கறேன்னு கேக்கறீங்க. எப்படி அவர் மேல தப்பு இல்லாமப் போச்சுன்னு சொன்னாங்களா? சொல்லலல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன். ஆனா முதல்லருந்து வந்தாத்தான் உங்களுக்குப் புரியும். ஒரே மூச்சுல சொல்லிடறேன்.

எங்க குளம் இருபத்தஞ்சு மீட்டர் நீளம், பன்னெண்டு மீட்டர் அகலம், ஆழம் சராசரி ஒண்ணரை. இப்ப சொன்னேனே பெரிய தொட்டி, அது மாதிரி நானூத்தம்பது தொட்டி. சுவத்துல ஒரு பலகை மாட்டியிருக்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கிராமுக்குக் கீழ குளோரின் போகக் கூடாது, ரெண்டுக்கு மேல ஏறக் கூடாது, மூணு வந்தா பிள்ளைங்கள வெளிய ஏத்து. அவ்ளோதான் பலகை. எங்க மீட்டரும் அதே கணக்குல காட்டும். ஒண்ணே கால்னு காட்டினா ஒண்ணே கால். யோசிக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. நான் படிச்சுச் சொல்லுவேன், அவர் வால்வத் திருகுவார். கால் திருகு, அரைத் திருகு. அவர் கைக்கு அது பாடம். குளத்துக்கு வர்ற பிள்ளைங்க எல்லாம் வால்வு மாமான்னுதான் கூப்பிடும், உங்களுக்குத் தெரியும்ல? வீட்ல சொன்னதில்லயா? வெளிய போனா நாலு வார்த்த பேசமாட்டார், ஆனா எம்பொண்ணு கேட்டா வால்வு மேல ஏத்தி உக்கார வெச்சு ராணிக்கு அடிக்கற மாதிரி சல்யூட் அடிப்பார்.

அந்தப் புதன்கிழமை எங்க மீட்டர் செத்துப்போச்சு. ஒரு லேப்லருந்து இரவல் மீட்டர் ஒண்ணு வந்துச்சு. அது காட்டறது மில்லிலிட்டருக்கு இத்தன மைக்ரோகிராம்னு. அதாவது குட்டி டப்பாக் கணக்கு.

புரியுதுல்ல? எண்ண அப்படியே படிச்சிருந்தா சரியாப் போயிருக்கும். ஒண்ணே புள்ளி ஆறுன்னு காட்டிச்சு. பலகைல ஒண்ணுலருந்து ரெண்டு. குளம் சுத்தமா, நல்லா இருந்துச்சு. ஒண்ணுமே செய்யாம கைய கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா போதும்.

நான் உக்காரல. நான் படிச்சவளாச்சே. மைக்ரோன்னு பாத்ததும் மண்டைக்குள்ள மணி அடிச்சுது. பலகை கிராம்ல இருக்கு, இத கிராமா மாத்தணும்னு ஒரு சாக்பீஸ எடுத்து மருந்து கேன் மேலயே கணக்குப் போட்டேன். புள்ளி, அப்புறம் அஞ்சு சைபர், அப்புறம் ஒண்ணு, ஆறு. அந்த அஞ்சு சைபரத் திருப்பித் திருப்பி எண்ணினேன். குளத்துல மருந்தே இல்ல! மேல இருந்த மைக்ரோகிராம கிராமாக்கிட்டேன், கீழ இருந்த மில்லிலிட்டர அப்படியே விட்டுட்டேன். டப்பாவத் தொட்டியாக்கல. அவ்ளோதான்க்கா நான் செஞ்ச தப்பு. ஒரு கோட்டுக்குக் கீழ பாக்கல.

பயம்க்கா. போன மாசம் தண்ணி கலங்கி, நாலு பிள்ளைங்களுக்குக் காதுல சீழ் வெச்சு, மேனேஜர் என்ன எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினார். இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வாசல்லயே நிக்க வேண்டியதுதான்னார். எனக்கு வீட்ல சம்பாதிக்க வேற ஆள் இல்லன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் பயத்துல மூணரை மணிக்கு முழுசாத் திறங்கன்னு சொல்லிட்டேன்.

அவர் கேட்டார். அதச் சொல்லணும்ல. முழுசாவா, அரைத் திருகு போதாதான்னு கேட்டார். அஞ்சு சைபர் மாமா, அரைத் திருகு எந்த மூலைக்குன்னு நான் சிரிச்சேன்.

எம்பொண்ணு அங்கதான் இருந்தா. பத்து வயசு. ஸ்கூல் விட்டா நேரா பம்ப் ரூமுக்குத்தான் வருவா. மூலைல ஒரு கவுத்துப் போட்ட கேன், அதுதான் அவ மேஜை. அந்த மீட்டர் வந்ததும் அதத் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கா. நான் அந்தப் பக்கம் கேன் எடுக்கப் போன நேரத்துல உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு விடுகதை போட்டிருக்கா. ஆமா, அதேதான். குட்டி டப்பா, பெரிய தொட்டி. அது அவளோடதுக்கா, என்னது இல்ல. எனக்கு அப்பறமாத்தான் சொன்னா. அவரும் உங்கள மாதிரியே தொட்டின்னுதான் சொன்னாராம். தோத்துட்டீங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு குதிச்சாளாம். அவர் சிரிச்சாராம்.

சிரிச்சிட்டு விட்டுட்டார். அவர் மேல தப்பு சொல்லல. கணக்கு என் வேலை, திருகறது அவர் வேலை.

ஆனா அவர் வால்வுல கைய வெச்சப்ப அவ இன்னொண்ணும் சொன்னா. இது ரெண்டு பேர் காதுலயும் விழுந்துச்சு. அம்மா, மேல மாத்தினா கீழயும் மாத்தணுமே, மில்லிலிட்டர் அப்படியே இருக்கேன்னா. அவர் கை நின்னுடுச்சு. திரும்பி என்னப் பாத்தார். நான் என்ன சொன்னேன்னு அவர் உங்ககிட்ட சொன்னாரா?

சொல்லலயா. ஒன்பது நாளா சொல்லலயா.

வாய மூடிட்டு உன் பாடத்தப் பாருன்னு அவகிட்ட சொன்னேன். அவர்கிட்ட, சின்னப் புள்ள பேச்சக் கேட்டுக் குளம் நடத்தச் சொல்றீங்களா, திருகுங்கன்னேன். திருகினார். இருபத்தஞ்சு நிமிஷம் ஓடிச்சு. மீட்டர் மூணு காட்டிச்சு, அஞ்சு காட்டிச்சு, ஏழு காட்டிச்சு. இன்னும் மைக்ரோதானே, இன்னும் ஒண்ணுமே இல்லயேன்னு நான் பாத்துட்டே நிக்கறேன். வாசன வரலயான்னு விசாரணைல அதிகாரி கேட்டார். அந்த ரூம்ல எங்க ரெண்டு பேர் மூக்கும் எப்பவோ செத்துப்போச்சு சார்னேன். ஒரு கேன் கிட்டத்தட்ட காலி. ஒன்பது தொட்டப்பதான் நாலு மணி பேட்ச் தண்ணில குதிச்சுது.

அந்தச் சத்தத்த சொல்ல மாட்டேன். பதினாறு பிள்ளைங்க ஒரே நேரத்துல இருமற சத்தம். கண்ணத் திறக்க முடியாம கைய நீட்டிட்டு சுவத்தத் தேடுதுங்க. உங்க வீட்டுக்காரர் துணியோட குதிச்சு ஒவ்வொண்ணாத் தூக்கிப் போட்டார். நான் என்ன செஞ்சேன்? வால்வ மூடினேன். அப்புறம் ஈரத் துணிய எடுத்து கேன் மேல இருந்த சாக்பீஸ் கணக்கத் துடைச்சேன்.

ஆமாக்கா. அதான் முதல்ல செஞ்சேன்.

எல்லாப் பிள்ளைங்களும் வீட்டுக்கு வந்தாச்சு. இழுப்பு இருக்கற பையன் ஒருத்தன் மட்டும் மூணு நாள் இருந்தான், அவனும் வந்துட்டான். ஆனா யாராவது பதில் சொல்லணுமில்ல. அன்னிக்கு சாயங்காலமே கேட்டாங்க, யார் முழுசாத் திறக்கச் சொன்னதுன்னு. நான் யோசிக்கவே இல்ல, வாய் தானாப் போச்சு. நான் நிறுத்தச் சொன்னேன், அவருக்குக் காது சரியாக் கேக்காது, திறந்துட்டார்னேன். பம்ப் சத்தத்துல முப்பது வருஷம் இருந்தவர், ஒரு காது மந்தம்னு ஊருக்கே தெரியும். எல்லாரும் நம்பினாங்க. அவர் நான் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லலக்கா. சொல்லியிருந்தா எனக்குச் சண்டை போடவாவது வழி இருந்திருக்கும். சட்டையெல்லாம் தண்ணி சொட்டுது. பாக்கெட்லருந்து சாவிக்கொத்த எடுத்து மேஜை மேல வெச்சார். போயிட்டார்.

இருங்க, சாத்தாதீங்க. கால வெச்சிருக்கேன், நசுங்கட்டும், பரவால்ல. இனிமேதான் விஷயம்.

மறுபடி லைட் போச்சு. இருங்க. ஆங்.

நேத்து செக்யூரிட்டியோட நோட்டப் பாத்திருக்காங்க. அன்னிக்கு மூணு மணிக்கு எம்பொண்ணு உள்ள வந்தது எழுதியிருக்கு. அங்க ஒரு பிள்ள இருந்துச்சா, கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. இன்னிக்குப் பதினோரு மணிக்கு. காலைல தல வாரும்போது அவகிட்ட சொன்னேன். நீ தண்ணி குடிக்க வெளிய போயிருந்தே, ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல, அவ்ளோதான் சொல்லணும்னேன். அவ கண்ணாடிலயே பாத்துட்டு, அப்ப மாமாவுக்குன்னு கேட்டா. மாமாவுக்கு வயசாயிடுச்சு, எப்படியும் அடுத்த வருஷம் நின்னுடுவார், நமக்குத்தான் வேலை வேணும்னேன். ரெண்டாவது ஜடைக்கு ரிப்பன எடுத்துக் கொடுத்தா. பொய் சொன்னா மாமாவுக்குப் போகும், உண்ம சொன்னா உனக்குப் போகும், அப்படித்தானேம்மான்னு கேட்டா. ரிப்பன முடிஞ்சிட்டு, ஆமான்னேன். பத்து வயசுப் பிள்ளகிட்ட, ஆமான்னேன்.

அழ வேண்டாம், நான் அழல. அழுதா நேரம் போகும்.

ஒரு நிமிஷம்மா, வராண்டாவுக்குப் போயிட்டு வரேன்னா. ஸ்கூல் பைய எடுத்துட்டுப் போனா. நான் செருப்பு மாட்டிட்டு நிக்கறேன், எவ்ளோ நேரம்டி, பஸ் போயிடும்னு கத்தறேன். வந்தா. பென்சில் கறை விரல்ல. நான் ஒண்ணும் கேக்கல.

இப்ப நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்ல. என் மேலயும் பெரிசா ஒண்ணும் இல்ல, கவனக் குறைவு, எச்சரிச்சு விடறோம்னுட்டாங்க. கேட்டுக்கறீங்களா? என்னயும் விட்டுட்டாங்க. நான் இப்ப வீட்டுக்குப் போய்க் கதவ சாத்திட்டுப் படுத்துக்கலாம். ஆனா அந்தக் காகிதத்துல ஒரு பேர் இருக்குக்கா. நாலு மணிக்குக் கையெழுத்தானதும் பதினாறு வீட்டுக்கும் ஒரு பிரதி போகும், ஸ்கூலுக்கு ஒண்ணு போகும். அந்தப் பதினாறுல அஞ்சு பிள்ளைங்க அவ கிளாஸ்.

நானே சொன்னேன்க்கா! சொல்லாம இருப்பேனா? எந்திரிச்சு, இல்ல சார், தப்பு முழுக்க என்னது, அன்னிக்குப் பொய் சொன்னேன், இன்னிக்கு நிஜம் சொல்றேன்னேன். சாக்பீஸ் கணக்கச் சொன்னேன், துடைச்சதச் சொன்னேன். அந்தம்மா ஒருத்தங்க, எழுதிட்டு இருந்தவங்க, பேனாவக் கீழ வெச்சிட்டு எனக்குத் தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. எந்த அம்மாவும் இதத்தான் சொல்லுவாங்கன்னாங்க. அதிகாரி என் பழைய வாக்குமூலத்தத் திருப்பி வெச்சு, எத நம்பச் சொல்றீங்கன்னார். ஒரு தடவ மாத்திப் பேசினவளோட வாய்க்கு ரெண்டாந்தடவ மதிப்பு இல்ல. கேன் மேல ஒண்ணும் இல்ல, நான்தான் துடைச்சாச்சே. அந்த ரூம்ல இருந்தது மூணு பேர். மிச்சம் இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவ விடுகதை போட்டது அவருக்குத் தெரியும். மேல மாத்தினா கீழயும் மாத்தணும்னு அவ சொன்னது அவருக்குத் தெரியும். அவ கணக்கு சரின்னு சொல்ல இந்த உலகத்துல அவர் ஒருத்தருக்குத்தான் முடியும். அவருக்குக் காது கேக்கும்னு நான் எழுதிக் கொடுக்கறேன். எந்தப் பக்கத்துல வேணும்னாலும் எழுதிக் கொடுக்கறேன். எனக்கு வேலை போகும், கேஸ் கூட வரும், தெரியும். வரட்டும்.

அவ என்ன சொன்னான்னா கேக்கறீங்க.

இன்னும் உங்களுக்குப் புரியலயா. சரி, நானே சொல்றேன். அவர் கேக்கட்டும்னு கொஞ்சம் சத்தமாவே சொல்றேன். மாமா, உள்ளதான் நிக்கறீங்க, கதவுக்குப் பின்னாடி நிழல் தெரியுது.

அவள உக்காரச் சொன்னாங்க, உக்காரல. அன்னிக்கு என்ன பாத்தேம்மான்னு கேட்டாங்க. பையத் திறந்து நோட்ட எடுத்து மேஜை மேல வெச்சா. காலைல வராண்டாவுல எழுதியிருக்கா. புள்ளி, அஞ்சு சைபர், ஒண்ணு, ஆறு. கீழ மில்லிலிட்டர் அப்படியே இருந்துச்சு. கணக்கு நான்தான் போட்டேன், தப்பாப் போட்டேன், அம்மா அதப் பாத்துதான் சொன்னாங்க, அம்மா சொன்னதத்தான் மாமா செஞ்சாங்கன்னு சொல்லிட்டா.